மேலே குளம், கீழே கூடம்

குமுளியிலிருந்து லோயர் கேம்புக்கு மலைச்சாலையில் இறங்குகிறவர்கள் அந்த நான்கு ராட்சதக் குழாய்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. தேக்கடியில் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வரும் பெரியாற்றுத் தண்ணீர் அவற்றில்தான் இறங்குகிறது. 1895இல் பாசனத்துக்கென்று கிழக்கே திருப்பிவிட்ட தண்ணீர். இன்று போகிற வழியில் டர்பைனையும் சுற்றிவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்கு வயல்களுக்குப் போகிறது. இப்படி ஒரே தண்ணீரை இரண்டு வேலைக்கு விடுவதில் எனக்குத் தீராத மோகம் உண்டு. அந்த மோகத்துக்கு முழுச் சாப்பாடு போட்ட கட்டடம், மகாராஷ்டிரத்து ஔரங்காபாத்தில் (இன்றைய சத்ரபதி சம்பாஜிநகர்) காம் ஆற்றங்கரையில் இருக்கிறது. பெயர் பன்சக்கி. தண்ணீரால் சுற்றும் மாவுத் திருகை.

புகாரா பக்கத்திலிருந்து வந்த சூஃபி பெரியவர் பாபா ஷா முசாஃபிரின் தர்காவோடு சேர்ந்தது அது. மடத்து ஃபக்கீர்களுக்கும் மாணவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் ரொட்டி மாவு அரைக்க ஏற்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் இன்றைய வடிவத்துக்கு வந்தது. மலைப்பக்கத்து ஊற்றிலிருந்து சில கிலோமீட்டர் தூரம், மண்ணுக்கடியில் சுட்ட களிமண் குழாயிலேயே தண்ணீர் வருகிறது. பம்ப் எதுவும் கிடையாது. ஊற்று உயரத்தில் இருப்பதால் வரும் அழுத்தமே அதைக் கடைசியில் ஒரு கல்தூணுக்குள் மேலே ஏற்றிவிடுகிறது. அங்கிருந்து வழிந்து குளத்தில் விழுகிறது. பார்க்கிறவர்கள் அருவி என்று நின்று போட்டோ எடுக்கிறார்கள். அழகுக்கு வைத்ததுபோலத் தெரிந்தாலும், அந்த உயரம்தான் திருகையைச் சுற்றும் சக்தி.

திருகையின் அமைப்பு எளிமையின் உச்சம். ஐரோப்பியக் கிராமத்து ஆலைகளில் பெரும்பாலும் நெட்டுக்குத்தாகச் சுற்றும் சக்கரம். அதன் சுழற்சியைப் படுக்கைக் கல்லுக்குத் திருப்ப பல்சக்கரங்கள் வேண்டும். இங்கே சக்கரமே படுத்திருக்கிறது. தண்ணீர் இறக்கைகளில் அடிக்க, நட்டநடுவில் நிற்கும் இரும்புத் தண்டு அடிக்கல்லின் துளை வழியே மேலேறி மேற்கல்லைச் சுற்றுகிறது. சக்கரம் ஒரு சுற்று என்றால் கல்லும் ஒரு சுற்று. இடையில் தேயவோ உடையவோ எதுவுமில்லை. உத்தராகண்ட், இமாச்சல் ஓடைகளில் இருக்கும் கராட் திருகைகளும் இதே இனம்தான். அவற்றில் சின்ன மரக்குச்சி ஒன்று சுற்றும் கல்லில் உரசிக் குதித்தபடி தானியக் கூடையை ஆட்டும். ஓடை வேகமெடுத்தால் கல் வேகமெடுக்கும், தானியமும் கூடுதலாக விழும். ஆள் நிற்க வேண்டியதில்லை.

ஆனால் பன்சக்கியில் என்னைக் கட்டிப்போட்டது திருகை அல்ல, குளம். ஏறத்தாழ 160 அடி நீளம், 30 அடி அகலம். அதன் அடித்தளம்தான் கீழே உள்ள பெரிய கூடத்துக்குக் கூரை! ஓர் அடி ஆழத் தண்ணீருக்கே 130 டன்னுக்கு மேல் எடை வரும். அத்தனையையும் பருத்த தூண்கள் தாங்கி நிற்கின்றன. நம் வீட்டு மொட்டை மாடியில் நான்கு நாள் மழைநீர் தேங்கினாலே உத்தரத்தில் ஈரம் பூக்கிறது. இங்கே தண்ணீரை வேண்டுமென்றே தலைக்கு மேல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், தக்காணத்துக் கோடையில் கீழே தங்குகிறவர்களுக்குக் குளிர்ச்சி கிடைக்கட்டும் என்று. மிஞ்சிய தண்ணீர் பக்கத்திலேயே ஆற்றில் இறங்கிவிடுகிறது. கூடத்தில் செதுக்கு வேலை அதிகமில்லை. எனக்கு அது குறையாகவே படவில்லை. இத்தனை பாரத்தைச் சுமக்கும் தூணுக்குப் பூவேலை எதற்கு?

வழிகாட்டிகள் திருகையைக் காட்டிவிட்டு, கிளை பரப்பிய பழைய ஆலமரத்தைக் காட்டுவார்கள். ஆனால் இந்தக் கட்டடத்தின் பாதி ஊருக்கடியில், யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. களிமண் குழாய் ஓரிடத்தில் நொறுங்கினால் தூணும் குளமும் திருகையும் கூடத்துக் குளிர்ச்சியும் ஒரே நாளில் போய்விடும். பழுதுபார்க்கிறவர்கள் குளத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதற்கு முன் அந்தக் குழாய்த் தடத்தின்மேல் வீடும் சாலையும் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போகிறவர்கள் மழைக்காலம் முடிந்த கையோடு போவது நல்லது. கோடையில் வரத்து மெலிந்துவிடும், தூணிலிருந்து தண்ணீர் முழு வேகத்தில் வழியாது.