இரண்டு ஸ்டார்ட் ஸ்கிரிப்டுகள்: எக்ஸ்எஃப்சிஇ-யும் எல்எக்ஸ்டிஇ-யும்

பழைய மெஷினுக்கு ஏற்றவை என்று பெயர் வாங்கிய லினக்ஸ் டெஸ்க்டாப்கள் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்டிஇ. முதலாவதை 1996-ல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கினார். இரண்டாவதை 2006-ல் தைவான்காரரான ஹாங் ஜென் யீ தொடங்கினார். இவற்றை ஒப்பிட்டு எழுதுபவர்கள் எது எத்தனை எம்பி ரேம் தின்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் பார்க்கப்போவது கட்டளை வரியிலிருந்து இவற்றை எழுப்பும் ஸ்கிரிப்டுகளை மட்டும். ஷெல் ஸ்கிரிப்டுக்கெல்லாம் விமர்சனமா என்று கேட்கலாம். இதையும் ஒரு மனுஷன்தான் எழுதினான், இன்னொரு மனுஷன்தான் அதன் முன்னால் உட்கார்ந்து முழிக்கிறான்.

1 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் லாகின் திரை கூட வேண்டாம் என்று விட்டுவிடுவது உண்டு. கறுப்புத் திரையில் பெயர், பாஸ்வேர்டு கொடுத்ததும் ஷெல் வந்து நிற்கும். அங்கே ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4 என்று அடித்தால் டெஸ்க்டாப் வந்துவிடும். அதே இடத்தில் ஸ்டார்ட்எல்எக்ஸ்டிஇ என்று அடித்தால் வராது. டிஸ்ப்ளேவைத் திறக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும், அவ்ளோதான்.

காரணம் எளிது. திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றையும் கையில் வைத்திருப்பது எக்ஸ் சர்வர். பேனல், ஜன்னல்களை நிர்வகிக்கும் நிரல் எல்லாம் அதன் வாடிக்கையாளர்கள். எக்ஸ்எஃப்சிஇ-யின் ஸ்கிரிப்ட், டிஸ்ப்ளே என்ற மாறியில் மதிப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறது. இல்லையென்றால் சர்வரைத் தானே கிளப்பிவிட்டு அதற்குள் செஷனைத் தொடங்குகிறது. எல்எக்ஸ்டிஇ-யின் ஸ்கிரிப்ட் சர்வர் ஏற்கெனவே ஓடுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. சில சூழல் மாறிகளை வைத்துவிட்டு நேராக எல்எக்ஸ்செஷனைக் கூப்பிடுகிறது.

அது லாகின் திரை கூப்பிடுவதற்காக எழுதிய ஸ்கிரிப்ட், சர்வரைக் கிளப்புவது அதன் வேலை இல்லை என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு இது ஒப்பவில்லை. லாகின் திரை கூப்பிடுவதும் அதே ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4-ஐத்தானே? ஒரே ஸ்கிரிப்ட் இரண்டு வாசலிலும் நிற்கிறது. நாலு வரியில் ஒரு சோதனை, அதுகூட வேண்டாம், 'முதலில் எக்ஸைத் தொடங்கு' என்று ஒரு வரிச் செய்தி போதும். எல்எக்ஸ்டிஇ-யைத் தேடி வருகிறவர் பெரும்பாலும் வேறு மெஷின் வாங்க வழியில்லாதவர். அந்த ஒரு வரியைப் பார்த்து லேப்டாப்பே போச்சு என்று மூலையில் வைத்துவிட்டால், மிச்சம்பிடித்த எம்பியால் என்ன பிரயோசனம்?

தேடினால் ஒரு தீர்வு கிடைக்கும்: ஹோமில் புள்ளி எக்ஸ்இனிட்ஆர்சி என்று ஒரு கோப்பு, அதில் எக்ஸெக் ஸ்டார்ட்எல்எக்ஸ்டிஇ என்று ஒரு வரி, பிறகு ஸ்டார்ட்எக்ஸ். (ஸ்டார்ட்எக்ஸும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்தான். உள்ளே உழைப்பது எக்ஸ்இனிட்.) வேலை செய்யும். அந்தக் கோப்பு முடிந்தால் சர்வரும் முடிந்தது, அதுதான் விதி. அதனால்தான் எல்லா வரிக்கும் பின்னால் 'அண்ட்' குறி போட்டு பின்னணிக்குத் தள்ளினால் திரை மின்னிவிட்டு ஷெல்லுக்கே திரும்பிவிடும்.

டெபியனில் இந்தத் தீர்வு நம்மவர்களுக்கு வேறொரு வினையை வைக்கிறது. சொந்த எக்ஸ்இனிட்ஆர்சி இல்லாதபோது ஸ்டார்ட்எக்ஸ் கணினியின் பொதுக் கோப்பைப் படிக்கும். அது எக்ஸ்செஷன் என்ற ஸ்கிரிப்டுக்குப் போகும். அங்கே வரிசையாக ஓடும் சின்ன ஸ்கிரிப்டுகளில் ஐஎம்-கான்ஃபிக் உடையதும் ஒன்று. தமிழ்99-ல் தட்டச்ச ஐபஸ் வைத்திருக்கிறோமே, அதற்கு வேண்டிய மாறிகளை வைப்பது அதுதான். ஹோமில் நாமாக எக்ஸ்இனிட்ஆர்சி எழுதியதும் இந்தப் பாதை முழுக்கத் தாண்டிப்போய்விடுகிறது. டெஸ்க்டாப் அழகாக வரும், தமிழ் மட்டும் வராது. பிழைச்செய்தியும் இருக்காது. ஐபஸ்ஸைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பார்த்துச் சலித்துப்போவதுதான் மிச்சம்.

அதே வரியைப் புள்ளி எக்ஸ்செஷன் என்ற கோப்பில் எழுதிவிட்டு எக்ஸ்இனிட்ஆர்சியை நீக்கிவிடுங்கள். ஸ்டார்ட்எக்ஸ் பொதுப்பாதையில் போய், ஐஎம்-கான்ஃபிக்கைத் தொட்டு, கடைசியில் உங்கள் வரிக்கு வரும். டெபியன்காரர்கள் இதை நன்றாகவே யோசித்து வைத்திருக்கிறார்கள். ஊர் உலகத்துக் குறிப்புகளில்தான் எக்ஸ்இனிட்ஆர்சியே ஓங்கி நிற்கிறது.

பிழைச்செய்திகளைத் தமிழாக்கிவிட்டால் தீருமா என்றால், இந்த இடத்தில் தீராது. லினக்ஸின் கறுப்புக் கன்சோல் எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் இடமில்லை. எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி வரும் 'கொ' போன்றதைச் சேர்த்துக் காட்டவும் அதற்குத் தெரியாது. எக்ஸ் எழும்பும்வரை ஆங்கிலம்தான், ஆகவே அந்த ஆங்கிலமாவது ஒழுங்காக இருக்க வேண்டும்.

எல்எக்ஸ்டிஇ-யின் வாரிசான எல்எக்ஸ்க்யூடி 2014-ல் வந்தது. லுபுண்டு 18.10-லிருந்து அதற்கு மாறிவிட்டது. ஸ்டார்ட்எல்எக்ஸ்க்யூடி-யைத் திறந்து பார்த்தேன். மாறிகளை வைக்கிறது, செஷனைக் கூப்பிடுகிறது. சர்வர் இருக்கிறதா என்று அதுவும் கேட்கவில்லை.