கிதார் கேட்டதும் கண்ணி கேட்டதும்

1975 ஜூலை 5 அன்று நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரிதான் மறு ஆண்டு ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டாக வந்தது. ஜான் மெக்லாஃப்லின் கிதார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம். மிருதங்கம் ராம்நாட் ராகவன். ராக் உலகமும் கர்நாடக இசையும் கைகோத்த கதையை யார் எழுதினாலும் மற்ற நால்வருக்கும் பத்தி பத்தியாக இடம் கிடைக்கும். ராகவன் ஒரு வரியில் போய்விடுவார்.

அவர் பெயரின் முன்னால் நிற்கும் ஊருக்கு, ராமநாதபுரத்துக்கு, இந்தக் கதையில் பங்கு அதிகம். வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும் இன்றைய கச்சேரிப் பத்ததியை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அவருடைய குரு பூச்சி சீனிவாச ஐயங்கார் ராமநாதபுரம் சமஸ்தான வித்வான். அதே ஊரில் வளர்ந்த ராம்நாட் கிருஷ்ணனும் அவர் தம்பி ராகவனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். மெக்லாஃப்லின் வீணை கற்றதும் அங்கேதான். வேலி போட்ட பரம்பரையும் வேலி தாண்டிய மிருதங்கமும் ஒரே சேதுபதி சீமையிலிருந்து போனவை.

மெக்லாஃப்லின் அப்போது வாசித்த கிதாரைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் மின்கிதாரால் அரங்கை அதிரவைத்தவர், அதை வைத்துவிட்டு மரக் கிதாருக்கு வந்திருந்தார். கிதார் கழுத்தின் மெட்டுகளுக்கு (ஃபிரெட்) இடைப்பட்ட மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தது. விரல் மரத்தில் முட்டாது. தந்தியை வேண்டிய மட்டும் அழுத்தி இழுத்துக் கமகம் கொண்டுவரலாம். ஒத்து ஒலிக்கத் தனித் தந்திகள் வேறு. தன் வாத்தியத்தையே திருத்திக்கொண்டு ஒருவர் இன்னொரு இசைக்குள் நுழைந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆனால் அந்த இசைக்குச் சொல் கிடையாது. இந்தக் கலப்பிசையை வரிசையாகக் கேட்டுப் போகிறவருக்கு உறுத்துவது இதுதான். யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பருவம் கழித்த சங்கர், 1979இல் ஃபிராங்க் ஜாப்பாவின் தயாரிப்பில் ‘டச் மீ தேர்’ என்ற தனி இசைத்தட்டு போட்டார். வயலின் அவருடையது, கிண்டல் பெரும்பாலும் ஜாப்பாவுடையது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) தியாகராஜரையும் பாக்கையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்தது. அங்கே பேசுவது வி.எஸ். நரசிம்மனின் வயலின், வார்த்தை அல்ல. ராணிப்பேட்டையிலிருந்து வந்த கிதார் பிரசன்னா 2006இல் ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ தந்தார், ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக. பெங்களூரின் ‘அகம்’ குழு தன் இசையைக் கர்நாடக புரோகிரசிவ் ராக் என்றே சொல்கிறது. டிரம்ஸ் எவ்வளவு முறுக்கினாலும் அவர்கள் எடுக்கும் கிருதியின் பக்தி கலையாமல் அப்படியே இருக்கிறது. ஒலியில் கலகம், சொல்லில் அடக்கம்.

மறுகரையில் நிற்பவர்கள் சொல்லை மாற்றி ஒலியைக் காப்பாற்றினார்கள். எண்ணூர்க் கழிமுகத்துக்காக 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ பாடுபொருளால்தான் அதிர்ச்சி தந்தது. ராகங்கள் சபா கேட்டுப் பழகியவை.

இரண்டையும் சேர்க்க முடியும் என்பதற்கு மேற்கில் நல்ல உதாரணம் ரோஜர் வாட்டர்ஸின் தனி இசைத்தட்டு ‘அம்யூஸ்டு டு டெத்’ (1992). கடவுள் எதை விரும்புகிறார் என்று மனிதர்கள் தங்கள் ஆசைகளையும் போர்களையும் அவர் தலையில் கட்டுவதை ஒரே பாட்டின் மூன்று பாகங்களாகப் பிரித்து, இசைத்தட்டு நெடுக இழுத்துப் போகிறார்.

அந்த நெடுமூச்சு ராமநாதபுரக் கரைக்குப் புதிதல்ல. தொண்டிக்கு அருகே குணங்குடியில் 1792இல் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், கீழக்கரையில் மார்க்கக் கல்வி கற்று, இளவயதிலேயே வீட்டை உதறி, குணங்குடி மஸ்தான் சாகிபாகி 1838இல் சென்னையில் மறைந்தார். முகியித்தீன் ஆண்டவருக்கு ஒரு சதகம், அகத்தீசருக்கு ஒரு சதகம், இரண்டும் அவர் பாடியவை. தமிழ்ப் பக்தியில் பாடுகிறவர் நாயகி, இறைவன் நாயகன். ‘மனோன்மணிக் கண்ணி’யில் மஸ்தான் அதைப் புரட்டிப் போட்டு இறையைப் பெண்ணாக்கி ஏங்குகிறார். சூஃபிக்கு இது பழகிய வழி. யோகியரின் சக்திக்குரிய பெயரை ஒரு முஸ்லிம் பக்கீர் எடுத்து ஆண்டதுதான் துணிச்சல். திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அவர்மேல் நான்மணிமாலை பாடினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கேட்டவர்கள் மதக்கணக்குப் பார்க்கவில்லை என்று தெரியும்.

கண்ணி என்ற வடிவமும் கவனிக்கத்தக்கது. இரண்டே அடி; முடிவில் அதே விளி, ‘பராபரமே’ என்றோ ‘மனோன்மணியே’ என்றோ. தாயுமானவர் கையாண்ட அச்சுத்தான். முதல் அடி எங்கே அலைந்தாலும் இரண்டாம் அடி அந்த விளியில் வந்து இறங்கியாக வேண்டும். ராக்காரர்கள் ரிஃப் என்று திரும்பத் திரும்ப வாசிப்பதன் வேலையை இங்கே ஒரு சொல் செய்கிறது. பாடகர் கண்ணிகளைக் கூட்டலாம், குறைக்கலாம், ஒன்றிலேயே தங்கலாம்.

குரலுக்கும் பஞ்சமில்லை. ராமநாதபுரத்தில் 1925இல் பிறந்த நாகூர் ஹனிபா, பகுத்தறிவு பேசிய திராவிட இயக்க மேடைக்கும் அல்லாவைப் பாடும் மேடைக்கும் ஒரே உச்சக் குரலைக் கொடுத்தார். இரண்டு மேடையிலும் அவரை யாரும் அந்நியராகப் பார்க்கவில்லை.

2018இல் சென்னையில் முதல் மேடை ஏறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் ராக்கையும் கலந்து, சொல்லாலும் ஒலியாலும் சாதியைக் கேள்வி கேட்டது. ஆனால் அது கூட்டுக்குரல், தனித்தனிப் பாட்டுகள். ஒரே ஆள், ஒரே கேள்வி, ஒரு முழு இசைத்தட்டு என்ற வேலைக்கு மஸ்தானின் கண்ணிகள் அச்சில் தயாராக இருக்கின்றன. எழுதியவர் போய் இரு நூற்றாண்டு நெருங்குகிறது; உரிமத்துக்காக யார் வாசலிலும் நிற்க வேண்டாம். சிக்கல் ஸ்பான்சர் பக்கம்தான். டிசம்பர் சீசனில் தியாகராஜரை டிஸ்டார்ஷனோடு வாசிக்கப் பணம் போட ஆள் கிடைக்கும். மஸ்தான் என்றால் எந்த மதத்துக் கணக்கில் எழுதுவது என்றுதான் முதலில் கேட்பார்கள்.