இருபது மில்லிமீட்டர் துளையும் வலது காலும்

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் ஆகட்டும், ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் ஆகட்டும், அமெரிக்காவின் எஃப்எஸ்ஏஇ ஆகட்டும், பெட்ரோலில் ஓடும் மாணவர் பந்தயக் கார்கள் எல்லாவற்றுக்கும் மூச்சு விடும் வழி ஒன்றுதான்: 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத் துளை. எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் ரெஸ்ட்ரிக்டர் எனப்படும் அந்தத் துளை வழியாகவே போக வேண்டும். டர்போ இல்லாத காரில் முதலில் பெடலுக்கேற்பத் திறந்து மூடும் த்ராட்டில் பாடி, அடுத்து ரெஸ்ட்ரிக்டர், அதன் பின் எஞ்சின் என்ற வரிசையையும் விதியே வகுத்துவிடுகிறது. இந்தக் கட்டுக்குள் நின்று த்ராட்டிலைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலான அணிகள் கேட்டுக்கொள்ளும் கேள்வி, ‘அதிகபட்சம் எவ்வளவு காற்று போகும்?’ என்பது. பார்வைக்கு நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான விடையை விதிப்புத்தகம் ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டது. மாணவர்கள் விடை தேட வேண்டிய கேள்வி வேறு: ஓட்டுநரின் கால் அசைவுக்கும் எஞ்சினுக்குள் சேரும் காற்றுக்கும் உள்ள உறவு எவ்வளவு நேராக, எவ்வளவு விரைவாக இருக்கிறது என்பதே அது.

முதலில், இந்த வழக்கத்தின் வலுவான பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். துளையின் மிகக் குறுகிய இடத்தில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், அதன் பின் எஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு கிராம்கூட அதிகரிக்காது. 20 மி.மீ. துளைக்கு அந்த உச்சம், கடல்மட்டத்தில் நொடிக்குச் சுமார் 74 கிராம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவையில், 30 டிகிரி வெப்பத்தில், அது 70 கிராமாகக் குறையும். 600 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை முழுதாக நிரப்பிக்கொள்வதாக வைத்தால், ஏறத்தாழ 12,500 ஆர்பிஎம்மில் இந்தச் சுவரில் முட்டும். அதனால்தான் துளைக்குப் பின் மெல்ல விரியும் டிஃப்யூசருக்கு இவ்வளவு மதிப்பு. வெறும் தகட்டில் துளையிட்டால், அந்த உச்சத்தை எட்டப் பின்பக்க அழுத்தம் ஏறக்குறையப் பாதியாக விழ வேண்டும். சீரான டிஃப்யூசரோ இழந்த அழுத்தத்தில் பெரும்பகுதியை மீட்டுத் தருகிறது. அரைக்கோணம் 4 டிகிரியானால், 20 மி.மீ. துளையை 40 மி.மீ. ஆக விரிக்க 143 மி.மீ. நீளம் வேண்டும், 7 டிகிரியானால் 81 போதும், ஆனால் காற்று சுவரை விட்டுப் பிரியும் அபாயம் கூடும். இந்தப் பேரத்தைக் கணினியில் காற்றோட்டத்தைக் கணிக்கும் சிஎஃப்டியில் ஓட்டிப் பார்ப்பதும், ஃப்ளோ பெஞ்சில் அளந்து சரிபார்ப்பதும் அருமையான பொறியியல் பாடம். அதைக் குறை சொல்ல இடமில்லை.

கோளாறு, நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குப் பொருந்தும் இந்தச் சிந்தனையை அப்படியே ஒற்றை சிலிண்டருக்கும் கொண்டுபோவதில் தொடங்குகிறது. இந்திய அணிகள் பல விரும்பி எடுக்கும் கேடிஎம் 390 எஞ்சினின் கொள்ளளவு, பழைய வடிவில் 373 சிசி. அது 9,000 ஆர்பிஎம்மில் முழுதாக நிரம்பினாலும், கோவைக் காற்றில் நொடிக்குச் சராசரியாக 31 கிராம்தான் கேட்கும். துளையின் உச்சமான 70 கிராமில் இது பாதிகூட இல்லை. சராசரிக் கணக்கில் இந்த எஞ்சினுக்கு ரெஸ்ட்ரிக்டர் ஒரு தடையே அல்ல. ஆனால் ஒற்றை சிலிண்டர் நான்கு வீச்சுகளில் ஒன்றில் மட்டுமே மூச்சிழுக்கிறது. அந்தக் கால் பங்கு நேரத்தில் தேவை 124 கிராமாக எகிறும். அப்போது அதே துளை கழுத்தை நெரிக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிச் சமன்செய்வது டிஃப்யூசருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் பிளெனம் என்னும் காற்றறை. ஆக, 390 வைத்திருக்கும் அணிக்குத் தலையாய கேள்வி பிளெனத்தின் அளவே. டிஃப்யூசர் கோணத்தில் அரை டிகிரியைத் தேடி வாரக்கணக்கில் கணினியை ஓட்டுவது, வலி ஒரு பக்கம் இருக்க மருந்தை மறுபக்கம் தடவுவது போன்றது.

த்ராட்டிலின் அளவிலும் இதே தவறு தொடர்கிறது. 390இன் கம்பெனி த்ராட்டில் 46 மி.மீ. அதன் பரப்பு ரெஸ்ட்ரிக்டரின் பரப்பைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். அச்சுத்தண்டின் தடிப்பை விட்டுவிட்டு வடிவியல் கணக்கு மட்டும் போட்டால், பட்டர்ஃபிளை தகடு 36 டிகிரி திரும்பும்போதே அதன் திறப்பு 20 மி.மீ. துளைக்குச் சமமாகிவிடும். மீதமுள்ள 54 டிகிரியில் ஓட்டுநர் பெடலை அழுத்தினாலும் பெரிதாக எதுவும் நடக்காது. 28 மி.மீ. த்ராட்டிலில் அந்தப் புள்ளி 61 டிகிரிக்குத் தள்ளிப்போகும். குறைந்த திறப்பிலும் இதே கதைதான். 100 சதுர மி.மீ. வழி திறக்க 46க்கு 20 டிகிரி போதும், 28க்கு 33 டிகிரி வேண்டும். அந்த இடத்தில் பெரிய த்ராட்டில் ஒரு டிகிரிக்குத் திறக்கும் பரப்பு, சின்னதைப் போல ஏறத்தாழ 1.7 மடங்கு. வளைவிலிருந்து வெளிவரும்போது பின்சக்கரத்தின் பிடி எல்லையில் நிற்கும் காருக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயமல்ல. த்ராட்டில் கோணத்தையும் ஆர்பிஎம்மையும் மட்டும் வைத்து எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் எஞ்சின் கணினியான இசியூவுக்கும் இது தலைவலி: பயனுள்ள தகவல் முழுவதும் குறுகிய கோண வரம்புக்குள் நெருக்கியடித்து நிற்கும், அதற்கு அப்பால் 50 டிகிரிக்கும் 90 டிகிரிக்கும் காற்றில் பெரிய வேறுபாடு இருக்காது.

சின்ன த்ராட்டில் காற்றைத் தடுக்காதா என்பது இயல்பாக எழும் மறுப்பு. துளைக்கு முன்னால் அழுத்தம் குறைந்தால், துளை வழியே போகக்கூடிய உச்ச அளவும் அதே விகிதத்தில் குறையும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 28 மி.மீ. குழாயில் நொடிக்கு 31 கிராம் காற்று சுமார் 45 மீட்டர் வேகத்தில் போகும். அந்த வேகத்துக்குரிய இயக்க அழுத்தம் முழுவதும் தகட்டில் வீணானது என்று மோசமாகவே வைத்துக்கொண்டாலும், இழப்பு சூழல் அழுத்தத்தில் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். பிளெனம் துடிப்புகளை முழுதாக அடக்காது என்பதால் 32 மி.மீ. எடுத்தால் இன்னும் பாதுகாப்பு. இதே 28ஐ 70 கிராம் கேட்கும் 600 சிசி எஞ்சினுக்குப் போட்டால் கதை மாறும்: வேகம் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும், இழக்கக்கூடிய அழுத்தம் ஆறு சதவீதமாக ஏறும். அங்கே 38 மி.மீ. பொருத்தம். சரியான அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். பக்கத்துக் கூடாரத்துக் காரைப் பார்த்து வாங்கினால் கிடைப்பது அவர்களின் எஞ்சினுக்கான விடை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: பெரிய த்ராட்டிலையே வைத்துக்கொண்டு, கேபிள் சுற்றும் புல்லியை முட்டை வடிவில் கடைந்தால் பெடலின் முதல் பாதியில் தகடு மெதுவாகத் திறக்குமே? திறக்கும்; நல்ல தீர்வும்கூட. நிபந்தனைகளோடு அனுமதிக்கப்படும் மின்னணு த்ராட்டிலில் இதை மென்பொருளிலேயே செய்யலாம். ஆனால் புல்லியின் வடிவம் ஏதோ ஓர் ஆர்பிஎம்மை மனதில் வைத்துத்தான் சரியாக அமையும். 4,000 ஆர்பிஎம்மில் எஞ்சினின் தேவை குறைவு என்பதால் பெடலை அழுத்தியும் பயனில்லாத வெற்றுப் பகுதி மீண்டும் நீளும். எந்த அளவிலும் இருக்கும் சிக்கல்தான் இது. பெரிய த்ராட்டிலில் கூடுதல். அளவைச் சரியாகத் தேர்ந்தபின் புல்லியை நுணுக்கத்துக்குப் பயன்படுத்துவது ஒன்று, தவறான அளவை மறைக்கப் பயன்படுத்துவது வேறு.

பிளெனத்துக்கும் இந்த அளவுகோலே. பெரிய அறை துடிப்புகளை நன்றாக அடக்கும், உச்சத் திறனைக் கூட்டும். ஆனால் த்ராட்டில் அந்த அறைக்கு முன்னால் இருப்பதால், பெடலை விட்ட பிறகும் அறையில் தேங்கிய காற்றை எஞ்சின் தின்றுகொண்டிருக்கும். மூன்று லிட்டர் அறையிலிருந்து 373 சிசி எஞ்சின் மூச்சுக்கு எட்டில் ஒரு பங்கை எடுக்கும். 6,000 ஆர்பிஎம்மில் அழுத்தம் கணிசமாக இறங்க சுமார் 0.16 நொடி ஆகும். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போகும் கார் அதற்குள் 2.4 மீட்டர் ஓடிவிடும். அறையை ஒன்றரை லிட்டராகக் குறைத்தால் தாமதமும் பாதியாகும். உச்சத் திறனில் கொஞ்சம் போகும். எது லாபம்? எஃப்எஸ்ஏஇயின் அண்மைப் பதிப்புகளில் 75 மீட்டர் நேரோட்டத்துக்கு 100 புள்ளிகள். வளைவும் நெளிவுமான ஆட்டோகிராஸுக்கு 125, என்டியூரன்ஸுக்கு 275. முழுப் பெடலில் ஓடும் தூரத்துக்கு ஒரு பங்கு என்றால், காலால் அளந்து ஓட்டும் தூரத்துக்கு நான்கு பங்கு. தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஐயமில்லை.

கம்பெனி த்ராட்டிலுக்கு ஆதரவாகச் செலவும் நம்பகத்தன்மையும் சொல்லப்படும். அதில் நியாயம் இருக்கிறது. சென்சாரும் ஐடில் அமைப்பும் சோதித்துப் பார்த்தவை. ஒவ்வொன்றும் தனியாகவே தகட்டை மூட வல்ல இரண்டு ஸ்பிரிங்குகளை விதி கேட்கிறது. கையால் கடைந்த பாடியில் ஸ்பிரிங்கோ தகடோ சிக்கிக்கொண்டால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பணிமனை அனுபவம் குறைந்த முதலாண்டு அணி 46ஐயே போட்டு ஓட்டுவது தவறில்லை. ஆனால் சொந்தமாகக் கடைய வேண்டும் என்பதுமில்லை. சிறிய பைக்குகளிலிருந்து 28 முதல் 32 மி.மீ. வரையான முழுமையான த்ராட்டில் பாடி கிடைக்கும். சென்சாரும் ஸ்பிரிங்கும் அதிலும் உண்டு. அப்படியிருந்தும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, டிசைன் சுற்றில் நடுவர் முன் ‘அதிகக் காற்று போகும்’ என்று காரணம் சொல்வதுதான் பலவீனம். எஞ்சின் கேட்கும் காற்றைக் கணக்கிட்டு, துடிப்பை அடக்கும் மிகச் சிறிய பிளெனத்தைத் தேர்ந்து, ஓரிரு சதவீத இழப்புக்குள் அடங்கும் மிகச் சிறிய த்ராட்டிலை அதற்குப் பொருத்தி, கடைசியாக டிஃப்யூசர் கோணத்துக்கு வருவதே எஞ்சின் காட்டும் வரிசை. வழக்கத்தில் இருப்பது இதன் தலைகீழ். 20 மில்லிமீட்டர் என்பது எல்லா அணிக்கும் பொது. அதற்கு முன்னால் நிற்கும் தகட்டை ஓட்டுநரின் கால் எவ்வளவு நுட்பமாக அசைக்க முடியும் என்பதில்தான் அணிகள் ஒன்றையொன்று முந்த முடியும்.