பின்னணியில் இருந்த தோட்டம்

அம்பாசமுத்திரம் வீட்டை விற்றுவிட்டு அம்மா எங்களோடு சென்னைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த புதிதில் ஒருநாள், “தோட்டம் மொத்தமும் தெரியுத மாதிரி ஒரு படம் பிரிண்டு போட்டுக் குடுய்யா, மாட்டி வைப்போம்” என்றாள். இதென்ன பெரிய காரியம் என்று ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். ‘தோட்டம்’ ஃபோல்டரில் 4,312 படங்கள். 2014-இல் முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கியதிலிருந்து, ஊருக்குப் போன ஒவ்வொரு தடவையும் எடுத்தவை. செம்பருத்தியின் மகரந்தத் தண்டு, வாழைப்பூ மடலில் ஊரும் எறும்பு, பாகற்கொடியின் சுருள், வெட்டுக்கிளியின் கண். ராத்திரி ஒரு மணி வரை தேடினேன். தோட்டம் இல்லை.

மறுநாள் ஆபீஸ் வேலைக்கு நடுவே ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி, எல்லாப் படங்களின் எக்ஸிஃப் தகவலையும் உருவிப் பார்த்தேன். (எங்கள் ஆட்கள் துக்கம் காப்பது இப்படித்தான்.) பத்தில் ஒன்பது படங்கள் 100 எம்எம் மேக்ரோ லென்ஸில், எஃப் 2.8-க்கும் 4-க்கும் இடையில் எடுத்தவை. ஒரு பூவை அவ்வளவு நெருங்கி, லென்ஸின் துளையை அவ்வளவு அகலமாகத் திறந்தால், துல்லியமாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் நிறமாகக் கரைந்துவிடும். அந்தக் கரைசலுக்கு ஜப்பானிய மொழியிலிருந்து வந்த பெயர் போக்கே. நல்ல லென்ஸுக்கு நாம் கூடுதலாகக் கொட்டும் பணத்தில் பெரும்பங்கு அதற்குத்தான். அப்படிக் காசு கொடுத்து வாங்கிய வசதி, என் அப்பாவின் தோட்டத்தைச் சுமார் நாலாயிரம் தடவை சுத்தமாக அழித்திருக்கிறது.

அப்பா ஒருமுறை கேமரா திரையை எட்டிப் பார்த்து, “கொய்யா காய்ச்சுக் குலுங்கிக்கிட்டு நிக்கி, அத எடுக்கலியாடே?” என்று கேட்டார். கொய்யா மரத்தில் என்ன ஃப்ரேம் இருக்கிறது என்று எனக்குள் நினைப்பு. “லைட்டு சரியில்லப்பா” என்றேன்.

தோட்டப் புகைப்படம் என்கிற பொழுதுபோக்கை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. வெண்டைக்காயின் மேல் உள்ள பூனைமுடிகளை முதன்முதலாக வ்யூஃபைண்டரில் பார்த்த காலை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. எட்டு மணி நேரம் திரையில் எழுத்துகளையே பார்க்கிற கண்ணுக்கு அது ஒரு விடுதலை. ஆனால் எந்தப் படத்துக்குக் கைதட்டல் கிடைக்கிறது என்று சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. பின்னணி ஒரே நிறமாக இருக்க வேண்டும். இதழில் பனித்துளி இருக்க வேண்டும். பனி இல்லாவிட்டால் தண்ணீரில் கிளிசரின் கலந்து ஸ்ப்ரே அடித்துக்கொள்ளலாம், துளி உருண்டு நிற்கும். நானும் அடித்திருக்கிறேன். பூச்சி அசையாமல் இருக்க அதை ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கிறவர்களும் உண்டு. கடைசியில் பிராக்கில் எடுத்த ரோஜாவும் பாபநாசத்தில் எடுத்த ரோஜாவும் ஒன்றுபோலவே இருக்கும். இடம் இல்லாத பூக்கள்.

பூவை இடத்திலிருந்து பிரிப்பதே தப்பு என்று வாதிட்டால் கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட்டை என்ன செய்வது? பெர்லினில் கலைமாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர். இரும்பு, மர வேலைப்பாடுகளுக்கான வடிவங்களைச் செடிகளிலிருந்து கற்பிக்க, தானே கட்டிய கேமராவால் முப்பது வருடத்துக்கும் மேல் தண்டுகளையும் மொட்டுகளையும் பல மடங்கு பெரிதாக்கிப் படம் எடுத்தார். 1928-இல் அவை ‘கலையின் ஆதி வடிவங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகமாக வந்தபோது அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. வால்டர் பெஞ்சமின் அதே வருடம் மதிப்புரை எழுதினார். பூசணிக் கொடியின் சுருள் அவர் படத்தில் பழைய வீட்டு கேட்டின் கம்பி வேலை மாதிரி நிற்கும். பின்னால் வெறும் சாம்பல் நிறம். ஆனால் ப்ளாஸ்ஃபெல்ட் நம்மை ஏமாற்றவில்லை. செடியை வெட்டி எடுத்துவந்து அட்டைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார் என்பது பார்த்ததும் தெரியும். இது மாதிரிப்பொருள், பாடத்துக்கானது. நாமோ தோட்டத்துக்குள் நின்றுகொண்டே, காசு கொடுத்து அந்தச் சாம்பல் அட்டையை லென்ஸுக்குள் வைத்துக்கொள்கிறோம். பிறகு அதற்கு ‘இயற்கை’ என்று ஹேஷ்டேக் போடுகிறோம்.

இந்த எரிச்சலில் இருந்த வாரத்தில்தான் யோசெஃப் சுடெக்கின் படங்களுக்குத் திரும்பப் போனேன். முன்பு ஒருமுறை புரட்டிவிட்டு, ‘இருட்டு, மங்கல், ஷார்ப்பாக இல்லை’ என்று மூடிவைத்தவை.

சுடெக் 1896-இல் பிறந்த செக் நாட்டுக்காரர். புத்தகம் பைண்டிங் செய்யும் தொழில் கற்றவர். முதல் உலகப்போரில் இத்தாலியப் போர்முனையில் அடிபட்டு வலது கை போய்விட்டது. ஒற்றைக் கையோடு புகைப்படக்காரரானார். பிராக்கில் ஊயெஸ்த் தெருவில், ஒரு கட்டிடத்துக்குப் பின்னால் இருந்த முற்றத்துத் தோட்டத்தில் மரக் கொட்டகை ஒன்று அவருடைய ஸ்டூடியோ. அதன் ஜன்னலையும், ஜன்னலுக்கு வெளியே கோணல்மாணலாக வளர்ந்திருந்த ஒரு மரத்தையும் 1940 முதல் 1954 வரை திரும்பத் திரும்ப எடுத்தார். ‘என் ஸ்டூடியோ ஜன்னல்’ என்ற வரிசை அது. பதினான்கு வருடம், ஒரே ஜன்னல்.

அந்தப் படங்களில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. கண்ணாடியில் படிந்த நீராவி. அதில் வழிந்திறங்கிய நீர்க்கோடுகள். அதற்குப் பின்னால் மரம், சிலசமயம் பூத்து, சிலசமயம் பனியைச் சுமந்து, சிலசமயம் வெறும் கறுப்புக் கோடாக. விளிம்பில் ஏதோ ஒரு கிளாஸ், அதில் ஒரு கிளை. முதலில் அலுப்பாக இருக்கிறது. பத்தாவது படத்துக்கு மேல், இந்த மரத்தின் வளைவு நமக்குப் பழகிவிடுகிறது. தெருமுனையில் தினமும் பார்க்கிறவர் இன்று எப்படி இருக்கிறார் என்று பார்ப்போமே, அப்படிப் பார்க்க ஆரம்பிக்கிறோம்.

சுடெக் 1940-லிருந்து பெரும்பாலும் படங்களைப் பெரிதாக்குவதை விட்டுவிட்டார். பெரிய நெகட்டிவ்வை நேராகத் தாளில் வைத்து, அதே அளவில் பிரிண்ட் எடுப்பார். கேமராவும் அதற்கேற்ற கனத்தில், சிலது 30x40 சென்டிமீட்டர் அளவு நெகட்டிவ் எடுப்பவை. ஒரு கையால் அதைத் தூக்கி, நிறுத்தி, தட்டு மாற்றி எடுக்கிறவர் ஒரு காலையில் 300 ஷாட் எடுக்க முடியாது. அதில் காவியம் பாட ஒன்றுமில்லை, எளிய கணக்கு. ஒரு படத்துக்கான செலவு கூடும்போது பார்க்கும் நேரமும் கூடுகிறது. எனக்கு ஒரு படத்தின் செலவு பூஜ்யம்.

இந்த வரிசைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. 1939-இல் நாஜிகள் பிராக்கை ஆக்கிரமித்தார்கள், கேமராவோடு தெருவில் சுற்ற முடியாத காலம், ஆகவே நீராவி படிந்த ஜன்னல் என்பது அடைபட்ட தேசத்தின் குறியீடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆக்கிரமிப்பு 1945 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் மனிதர் அதே ஜன்னலில்தான் இருக்கிறார். அடுத்து வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியைச் சொல்லி விளக்கத்தை நீட்டிக்கொள்ளலாம்தான். எனக்கு அது வேண்டாம் என்று படுகிறது. போர் அவரை ஜன்னலுக்குக் கொண்டுவந்திருக்கலாம். அங்கேயே இருத்தியது அந்த மரம். குறியீடாக மட்டும் இருந்திருந்தால் நாலு படத்தில் வேலை முடிந்திருக்கும்.

சுடெக்கின் எல்லாமே எனக்கு இப்படி இறங்குவதில்லை. அவருடைய நண்பர், கட்டிடக் கலைஞர் ஓட்டோ ரோட்மாயரின் தோட்டத்தில் பிற்பாடு எடுத்த படங்கள் மிகவும் புகழ்பெற்றவை. புல்லில் வெள்ளை நாற்காலிகள், செய்துவைத்தது போன்ற ஒரு மாயம். அழகு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே தோட்டம் நாடக மேடையாகிவிடுகிறது. ஜன்னல் படங்களில் யாரும் எதையும் நமக்காக எடுத்துவைக்கவில்லை என்ற நம்பிக்கை இருக்கிறது. எடுத்துவைத்த கிளாஸ்கூட, சாப்பிட்ட பிறகு கழுவாமல் விட்டது மாதிரி.

ஒரு கேள்வி வரும். சுடெக்கின் மரமும் மங்கல்தானே, என் செம்பருத்திக்குப் பின்னால் இருந்த கலங்கலைப் போல? நானும் இதில் சில நாள் மாட்டிக்கொண்டேன். சுடெக்கின் மங்கல் ஜன்னல் கண்ணாடியில் இருக்கிறது. குளிரும் மூச்சும் சேர்ந்து உண்டாக்கியது, அந்த அறையைச் சேர்ந்தது. அதைத் துடைத்தால் மரம் தெரியும் என்று கை பரபரக்கிறது. என் மங்கலைத் துடைக்க முடியாது. அது கவனச்சிதறல் என்று நான் கழித்துக்கட்டியது. கிணற்றடி, துவைகல், கொய்யா, நடமாடிக்கொண்டிருந்த அப்பா, எல்லாமே எனக்குக் கவனச்சிதறலாக இருந்திருக்கின்றன. பல படங்களில் அவர் பின்னால் வந்துவிடக் கூடாதே என்று “கொஞ்சம் தள்ளுங்கப்பா” சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவரும் தள்ளியிருக்கிறார், ஹோஸ் பைப்போடு.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம், முழுத் தோட்டமும் உள்ள படம் இல்லை என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். “இருக்கிறதக் காட்டு” என்றாள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள், 2017-இல் எடுத்த ஒரு செம்பருத்தி மொட்டில் நின்றாள். மொட்டு வலது பக்கம், துல்லியமாக. இடது ஓரத்தில் பச்சையும் பழுப்புமாகக் கலங்கல், நடுவில் வெள்ளையாக ஒரு இழுப்பு.

கண்ணாடியை எடுத்துவரச் சொன்னாள். “இது அப்பா வேட்டி. கொடியில காயுது. அந்தப் பச்ச முருங்க. கீழ கருப்பா இருக்கது கெணத்து வாளி... இல்ல, அது தொவைகல்லு.” விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு அவள் மனதுக்குள் கிணற்றுக்கும் முருங்கைக்கும் இடையே நடந்துகொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். “இந்தப் பூவ வெட்டிட்டு, இத மட்டும் போட்டுத் தர முடியுமாய்யா?”

க்ராப் செய்ததில் 1,400 பிக்சல் அகலம்தான் தேறியது. அஞ்சலட்டை அளவுக்கு வரும். பெரிதாக்க வேண்டாம் என்று சொல்லி, அதே அளவில் பிரிண்ட்டுக்குக் கொடுத்திருக்கிறேன்.