வோபானின் கடிதம்: கடைசி வரிக்கு முன்னால் இருப்பது

பிரான்சில் கட்டட வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு பழைய கடிதம் இருக்கிறது. தேதி 1683 ஜூலை 17. எழுதியவர் பதினான்காம் லூயி மன்னரின் கோட்டைகளுக்குப் பொறுப்பாக இருந்த ராணுவப் பொறியாளர் வோபான். போய்ச் சேர்ந்தது போர் அமைச்சர் லூவுவாவுக்கு. போன வருடங்களின் கோட்டை வேலைகள் சில ஏன் இன்னும் வால் மாதிரி நீண்டுகொண்டே கிடக்கின்றன, இப்படியே போனால் ஏன் ஒருநாளும் முடியாது என்பதுதான் விஷயம்.

கடிதத்தை இன்று எப்படிப் படிக்கிறோம்? "குறைந்த விலைக்கு வேலை கொடுக்காதே, நியாயமான கூலி கொடு, அதுதான் கடைசியில் லாபம்" என்று. முடிவில் அவர் சொல்வது ஏறக்குறைய அதுதான். அதனாலேயே காண்ட்ராக்டர்களுக்கு இந்தக் கடிதம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் இது பாதி வாசிப்பு என்று எனக்குப் படுகிறது.

முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வோபான் குற்றம் சாட்டுவது முதலில் காண்ட்ராக்டரை அல்ல, அரசாங்கத்தை. போட்ட ஒப்பந்தத்தை முறிப்பது, கொடுத்த வாக்கை மீறுவது, இன்னும் குறைத்துக் கேட்பவன் கிடைப்பானா என்று மறுபடி ஏலம் விடுவது. இதைப் பார்த்து விவரம் தெரிந்தவன் ஒதுங்கிவிடுகிறான். வேறு போக்கிடம் இல்லாதவன், ஏமாற்றுக்காரன், வேலை தெரியாதவன் மட்டும் வருகிறான். நஷ்டத்தில் மாட்டியவன் தண்ணீரில் மூழ்குகிறவன் மாதிரி கைக்குக் கிடைத்ததைப் பிடிக்கிறான். சாமான் கொடுத்த வியாபாரிக்குப் பணம் தருவதில்லை, ஆட்களுக்குக் கூலியைக் குறைக்கிறான், மட்டமான சரக்கைப் போடுகிறான், எதற்கெடுத்தாலும் தகராறு செய்கிறான். அதாவது காண்ட்ராக்டர் செய்யும் மோசடி இரண்டாவது மோசடி. முதலாவது, அமைச்சரின் ஆபீசிலேயே தொடங்கிவிட்டது. அதை அந்த அமைச்சருக்கே எழுதி, கடவுள் பெயரால் இதை விடுங்கள், நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்கிறார்.

இதற்குக் கீழே கையெழுத்துப் போடுவது லேசான காரியமில்லை, அதுவும் வோபானுக்கு. இளம் பொறியாளராக இருந்தபோது பிரிசாக் கோட்டை வேலைக் கணக்கில் அவர் போட்ட கையெழுத்தே அவரை முறைகேட்டு விசாரணையில் இழுத்துவிட்டது. 1671இல்தான் அதிலிருந்து மீண்டார். மீட்டுவிட்டவர் இதே லூவுவா! தன்னைக் காப்பாற்றியவரிடமே "உங்கள் வழி தப்பு" என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். நீதி பேசவில்லை, சிக்கனம் பேசுகிறார். அமைச்சருக்குப் புரியும் பாஷை அதுதான் என்று அவருக்குத் தெரியும்.

கடைசி வரியிலும் ஒரு நிபந்தனை உண்டு. கௌரவமான கூலி எல்லோருக்கும் இல்லை, கடமையைச் சரியாகச் செய்யும் காண்ட்ராக்டருக்கு மட்டும். செய்தானா இல்லையா என்று யார் சொல்வது? அளந்து பார்க்கத் தெரிந்தவன் சொல்ல வேண்டும். 1685இல் அச்சான கோட்டை நிர்வாகம் பற்றிய வோபானின் நூல், பொறியாளர் முதல் காண்ட்ராக்டர் வரை யாருக்கு என்ன பொறுப்பு என்று வகுக்கிறது. அந்தப் பொறுப்புகளைக் கழற்றிவிட்டு "நல்ல விலை கொடு" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால், அது அதிக விலை கேட்பதற்கான சாக்காகிவிடும்.

கடிதத்தில் எனக்கு ஒரு குறையும் தெரிகிறது. கூலி ஆட்கள் அதில் ஒரே ஒரு தொடரில் வந்து போகிறார்கள். வேலை கெடுவதற்கு ஒரு காரணமாக வருகிறார்களே தவிர, உரிமை கேட்கும் மனிதர்களாக வரவில்லை. இரண்டே வருடத்தில், வெர்சாய் அரண்மனைக்கு ஊர் நதித் தண்ணீர் கொண்டுவரும் வேலை தொடங்கியது. வோபான் திட்டம் போட, லூவுவா நடத்த, பல்லாயிரம் சிப்பாய்கள் மண் வெட்டினார்கள். காய்ச்சலில் ஏராளமானோர் செத்தார்கள். 1688இல் போர் வந்ததும் வேலை நின்றது, பிறகு முடியவே இல்லை.

முடியாத வேலைகளைப் பற்றிக் கடிதம் எழுதியவரின் பெயரிலேயே அப்படி ஒன்று நிற்கிறது. அதற்காகக் கடிதத்தின் வாதம் பொய்யாகிவிடாது. ஆனால் அடுத்த முறை யாராவது அதன் கடைசி வரியைக் காட்டினால், கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: முதலில் வாக்கை மீறியது யார்? அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டது யார்?