விஷ்ணுபுரத்துக்கு மூன்று வாசல்

'விஷ்ணுபுரம்' நாவலை முதல்முறை எடுத்தபோது நூறு பக்கம் தாண்டவில்லை நான். சிவந்து ஓடும் சோனா ஆறு, மேகத்தைத் தொடும் கோபுரங்கள், யார் யாரென்று பிடிபடாத மனிதக் கூட்டம். மூடி வைத்துவிட்டேன். பிறகு ஒருநாள் நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறித் திருவட்டாறு போய் வந்தேன். அன்று ராத்திரி அதே நூறு பக்கத்தையும் கீழே வைக்காமல் படித்தேன்.

காரணம் இதுதான். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்துக்குப் படுத்திருக்கிறார். சட்டையைக் கழற்றி, விளக்கேந்திய பாவைகள் செதுக்கிய தூண்வரிசையைக் கடந்து கருவறை முன்னால் நின்றால், உள்ளே எண்ணெய் விளக்கின் வெளிச்சம் மட்டும். மூன்று வாசல்கள். ஒன்றில் முகம், ஒன்றில் உடல், ஒன்றில் பாதம். எந்த வாசலில் நின்றாலும் பெருமாள் முழுதாகக் கிடைக்க மாட்டார். பார்த்த மூன்றையும் நாம்தான் மனதுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விஷ்ணுபுரத்தின் மூன்று பாகங்களுக்கும் ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று பெயர். அதே பாதம், மார்பு, முடி. இதை எழுதிய ஜெயமோகன் திருவட்டாற்றுக்குப் பக்கத்தில் திருவரம்பில் வளர்ந்தவர். 1997-இல் நாவல் வந்தது. காலவரிசையை அதில் தேடிக் களைத்துப்போகாதீர்கள். நடுப்பாகம்தான் கதையில் மிகப் பழைய காலம். அங்கே பௌத்தத் துறவி அஜிதனும் வைதிக அறிஞர் பவதத்தரும் தத்துவத்தில் மோதுகிறார்கள். அப்படி ரத்தமும் சதையுமாக நடமாடிய மனிதர்கள் வேறொரு பாகத்தில் சிலையாகவும் புராணமாகவும் ஆகியிருப்பார்கள். ஊரே விஷ்ணு என்று கும்பிடும் சிலை, மலைக்குடிகளுக்கு அவர்களுடைய பெருமூப்பன். புராணம் எப்படி விளைகிறது என்பதை விதையிலிருந்து பார்ப்பதுதான் இந்த நாவலின் பெரிய ருசி. தர்க்க விவாதங்கள் முதல் வாசிப்பில் கடினமாக இருந்தால் கவலை வேண்டாம், கடந்து போங்கள். இரண்டாம் முறை அவையே பிடித்துப்போகும்.

ஜெயமோகனைப் படிக்க மாயக்கதையை நம்பிக் கேட்கும் பழக்கமும் வேண்டும். அதற்கு இந்தக் குமரி மண்ணிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது: கோயில் கொடையில் நடக்கும் வில்லுப்பாட்டு. நகைக்காகக் கொலையுண்ட பெண் நீலி என்ற யட்சியாகத் திரும்பி வருகிறாள். கள்ளிக்கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். அண்ணாவி வீசுகோலால் வில்நாணை அடிக்க, மணிகள் குலுங்க, குடம் முழங்க, பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுகிறார். கள்ளி எப்படி ஐயா பிள்ளையாகும் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்பதில்லை. அந்தப் பிள்ளை அழுமா என்றுதான் காத்திருக்கிறார்கள். ஜெயமோகன் குடியிருக்கும் பார்வதிபுரத்தை ஒட்டித்தான் நீலி பெயர் சொல்லும் கள்ளியங்காடு. அவருடைய 'காடு' நாவலில் வரும் மலைமகளுக்கும் நீலி என்றே பெயர். அவருடைய யட்சிக் கதைகளை அந்த 'ஆமா'வோடு படியுங்கள்.

எழுத்தாளராக அவருடைய அன்றாடத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. தொலைபேசித் துறையில் வேலை பார்த்தார். பிறகு சினிமா வசனம் சோறு போட்டது. சுந்தர ராமசாமி, நித்ய சைதன்ய யதி, டால்ஸ்டாய், தஸ்தயேவ்ஸ்கி என்று தன்னைப் பாதித்தவர்களாக அவரே திரும்பத் திரும்பச் சொல்லும் பெயர்கள் உண்டு. பத்திரிகைத் தொடருக்கும் பதிப்பக ஒப்பந்தத்துக்கும் காத்திராமல், 2014 ஜனவரி 1-இல் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்று எழுதத் தொடங்கி, தன் இணையதளத்திலேயே நாளுக்கு ஓர் அத்தியாயமாக, காசு வாங்காமல் வெளியிட்டார். 2020 ஜூலையில் முடிந்தபோது 26 நாவல்கள். இந்த உழைப்புக்கு ஈடாகத் தமிழில் வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. நாளுக்கு ஒன்றாக எழுதியதை நாளுக்கு ஒன்றாகவே படிப்பதுதான் சரி. காலையில் ஓர் அத்தியாயம், அன்று முழுக்க அதே நினைப்பு. முதல் நாவல் 'முதற்கனல்'.

இவ்வளவு பெரிதாக வேண்டாம் என்பவர்களுக்குப் 'பனிமனிதன்' இருக்கிறது. இமயத்தில் பனிமனிதனைத் தேடிப் போகும் சிறுவர் நாவல்; பிள்ளைகளுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்ட அருமையானது. மொழிச்சுவையே பிரதானம் என்றால் 2005-இல் வந்த 'கொற்றவை': கண்ணகி கதை, வடசொல் கலவாத தமிழில். ஒரு பத்தியை உரக்கப் படித்தால் போதும், அதன் தாளம் பிடிபட்டுவிடும்.

ஆனால் விஷ்ணுபுரத்தைத் தொடுவதற்கு முன் ஒருதடவை திருவட்டாறு போய் வாருங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே கிளம்புங்கள்.