துணி மூடிய கூடை

குவாத்தமாலாவின் கெட்சால்டெனாங்கோ 2,300 மீட்டருக்கு மேல் உள்ள மலை நகரம். ஊரார் வாயில் அது வெறும் ‘ஷேலா’. ஸ்பானிஷ் படிக்க வருபவர்கள் பலர் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்குகிறார்கள். ஓர் ஆசிரியருக்கு ஒரே மாணவர். தினமும் வினைச்சொற்களோடு மல்லுக்கட்டு. அது கிடக்கட்டும். எனக்குப் பிடித்தது சாப்பாட்டு மேசைக்கு வரும் தோர்த்தியா. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்த மக்காச்சோளத்தை அரைத்து, உருட்டி, இரு உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டித் தட்டி வட்டமாக்கிக் கல்லில் போடுகிறார்கள். யாரோ சோம்பலாகக் கைதட்டுவது போல அந்த ஓசை வாசல்வரை கேட்கும். துணி சுற்றிய கூடைக்குள் கடைசி ஒன்றுவரை சூடு இருக்கும். குளிரில் விறைத்த விரல்களுக்கும் அதுதான் கணப்பு. சாப்பிட்டு எழுபவர் பொதுவாக ‘கிராசியாஸ்’ (நன்றி) என்பார். மற்றவர்கள் ‘புவென் ப்ரொவேச்சோ’ (சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும்) என்பார்கள். அதை எனக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. மூன்றாம் நாள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.